விடிந்து மூன்று மணி

போலே விமான நிலையத்துக்கும்
எங்கள் ஹோட்டலுக்கும் நடுவே நாலு நிமிடம்.
எட்டு வருடமாக அந்த நாலு நிமிடத்தைத்தான்
ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
விமானத்தைத் தவறவிட்டவர்கள்,
விமானம் தவறவிட்டவர்கள்,
அடுத்ததற்குப் பதினோரு மணி நேரம் என்று
கையில் மஞ்சள் சீட்டோடு நிற்பவர்கள்.
அடிஸ் அபாபாவில் அவர்கள் பார்த்த ஒரே காட்சி
என் பிடரி.

எங்கள் நாட்டில் நாள் நடுராத்திரியில் பிறப்பதில்லை.
எல்லோரும் தூங்கும்போது தேதி மாறுவது
எங்களுக்குத் திருட்டு மாதிரி.
விடிந்தால்தான் கணக்கு:
விடிந்து ஒரு மணி, விடிந்து இரண்டு மணி.
உலகம் ஒன்பது என்கிறபோது எங்களுக்கு மூன்று.
இடது கையில் உலகத்தின் கடிகாரம் கட்டியிருக்கிறேன்.
எங்களுடையதைக் கட்டத் தேவையில்லை,
அது வயிற்றில் ஓடுகிறது.

பிசரத் வேலைக்கு வந்த இரண்டாவது வாரம்.
தெப்ரே மார்க்கோஸ் பெண், வரவேற்பு மேசையில் இரவு முறை.
லோமேயிலிருந்து வந்திறங்கிய துணி வியாபாரி
அஃபி கொசிவா, அறை இருநூற்றுப் பதினான்கு,
"மூன்றுக்கு எழுப்பிவிடு" என்றாளாம்.
பிசரத் நோட்டில் மூன்று என்று எழுதினாள்.
முத்து முத்தான எழுத்து.

மூன்றரைக்கு வேனை வாசலில் நிறுத்தினேன்.
ஜூலை மழை, கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருந்தது.
ஆறு பேர் ஏறினார்கள்,
ஒருவர் மடியில் தூங்காத குழந்தை.
பட்டியலில் ஏழு.
"இன்னொருவர்?"
"தூங்குகிறார். மூன்றுக்குத்தான் எழுப்பச் சொன்னார்.
இன்னும் ஐந்தரை மணி நேரம் கிடக்கிறதே."
சரி என்றேன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை:
கையில் கடிகாரம் இருந்தது.
அதைப் பார்க்காமல்
வயிற்றைக் கேட்டுவிட்டுச் சரி என்றேன்,
கதவை இழுத்துச் சாத்தினேன்.

குவாங்ஜோ விமானம் அவள் இல்லாமல் போயிற்று.
உங்கள் ஒன்பது மணிக்கு அறைக்குப் போன் அடித்து
"மணி மூன்று, மேடம்" என்றிருக்கிறாள் பிசரத்,
அத்தனை மரியாதையாக.
திரைச்சீலையை விலக்கினால்
எதிர் மொட்டைமாடியில் யாரோ
வெயிலில் மிளகாய் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் குரல் வந்தது, பிறகு ஆள்.
படிக்கட்டுக்கு ஒரு மொழியாக மாற்றி மாற்றிக் கத்தினாள்.
இரண்டு கடைக்காரர்களின் முன்பணம்
ரவிக்கை உள்மடிப்பில் தைத்திருந்தது.
அந்த இடத்தைத் தட்டித் தட்டிக் கத்தினாள்.
பிசரத் அழவில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள்.
இருவரும் ஒரே எண்ணின் மேல் விரல் வைத்து
எதிரெதிராக நின்றார்கள்.
மேலாளர் மூன்று நாள் சம்பளம் பிடித்தார்.
எந்தக் கடிகாரப்படி மூன்று நாள் என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
எனக்கு அவர் எதுவும் பிடிக்கவில்லை.

மறுநாள் இரவு அவள் ஒருத்திதான் சவாரி.
பின்னால் உட்காராமல் என் பக்கத்தில் ஏறினாள்.
சுற்றுவட்டம் வரைக்கும் பேச்சில்லை.
"இப்போது உனக்கு மணி என்ன?"
"ராத்திரி ஒன்பதரை."
கொஞ்ச நேரம் அதை யோசித்தாள்.
"ஒன்பதரைக்கு என் தெருவில்
மீன் பொரிக்கிற வாசனை இன்னும் போயிருக்காது" என்றாள்.
முனையத்தில் பெட்டியை அவளே இறக்கினாள்.
டிப்ஸ் தரவில்லை.
தந்திருந்தால் வாங்கியிருப்பேனோ என்று
நாலு நிமிடம் பயந்துகொண்டே திரும்பினேன்.

இப்போது பிசரத் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும்
சின்னதாக ஒரு சூரியனோ நிலாவோ வரைகிறாள்.
போன வாரம் டசல்டார்ஃப்காரர் ஒருவர்
தன் பெயருக்கு நேரே சூரியனைப் பார்த்துவிட்டு
குடையை அறையிலேயே வைத்துவிட்டுப் போனார்.
நனைந்து திரும்பி வந்து
மேசை முன்னால் சொட்டச் சொட்ட நிற்கிறார்,
என்ன புகார் செய்வது என்று தெரியாமல்.